தண்ணீர் சட்டென்று இறங்கினால் நல்ல மண்ணா?

செப்டிக் டேங்க் கட்டி, அதிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழிக்குக் கல்லும் அடுக்கிய பிறகுதான் "மண்ணை ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். போன வாரமும் அப்படித்தான். குழிக்குப் பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு. "ஒரு குடம் ஊற்றினோம், போன இடம் தெரியவில்லை, மண் அருமை" என்கிறார் வீட்டுக்காரர். இதை இன்னும் எத்தனை வீட்டில் கேட்பது?

தண்ணீர் விறுவிறுவென்று இறங்கும் மண் மழைநீரைச் சேமிக்க நல்லது, கழிவுநீருக்கு ஆகாது. செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடுகிறது என்ற நினைப்பில்தான் இந்தத் தவறு தொடங்குகிறது. டேங்க் செய்வது பாதி வேலைதான். கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியே போகும். அந்த நீரில் நோய்க்கிருமிகள் ஏராளம். மீதி வேலையைச் செய்ய வேண்டியது மண். துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டும், நீர் மெல்லக் கசிந்து இறங்க வேண்டும். அந்த அவகாசத்தில்தான் கிருமிகள் மண்ணில் ஒட்டிக்கொண்டு சாகின்றன. பருமணலிலும் சரளையிலும் விரிசல் விட்ட பாறையிலும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. போன இடம் தெரியாத அந்த ஒரு குடம் நிலத்தடி நீருக்குத்தான் போயிருக்கிறது. கிணற்றில் ஊறுவதும் அதே நீர்தான்.

சரி, எப்படிச் சோதிப்பது? கழிவுநீர் மண்ணில் இறங்கப்போகும் ஆழத்துக்குச் சிறு குழி தோண்டுங்கள். களிமண்ணில் மண்வெட்டி பட்ட இடம் வழவழப்பாகி நீரை அடைத்துவிடும், அதைச் சுரண்டிவிட வேண்டும். முந்தைய நாளே நீர் நிரப்பி ஊறவிடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. காய்ந்த களிமண்ணில் முதலில் ஊற்றும் நீரை வெடிப்புகள் குடித்துவிடும். ஊறி உப்பிய பிறகு அதே மண்ணில் நீர் அசையாமல் நிற்கும். மறுநாள் அளக்கும்போது நீர்மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் சாதாரண உறிஞ்சுகுழி அங்கே எடுபடாது. ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டால் அதுவும் ஆபத்துதான்.

அடுத்தது நீர்மட்டம். கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு செல்லாது. ஆளுயரக் குழி ஒன்று தோண்டி, பக்கச் சுவரைக் கத்தியால் சீவிப் பாருங்கள். (தளர்ந்த மண்ணாக இருந்தால் தனியாக இறங்காதீர்கள், சரியும்.) சீரான பழுப்போ சிவப்போ தெரிந்தால் பெரும்பாலும் காற்றோட்டம் உள்ள மண். ஓர் ஆழத்துக்குக் கீழே சாம்பல் நிறத் திட்டுகளும் துரு நிறப் புள்ளிகளும் கலந்து வந்தால், மழைக்காலத்தில் அதுவரை நீர் ஏறி நிற்கிறது என்று அர்த்தம். இன்று குழி வறண்டு கிடந்தாலும் அந்தத் திட்டுகள் தொடங்கும் இடத்தைத்தான் நான் நீர்மட்டமாக எடுத்துக்கொள்வேன். அதற்கும் உறிஞ்சுகுழியின் அடிக்கும் நடுவே நாலடி மண்ணாவது இல்லாமல் ஒப்புதல் தருவதில்லை.

"காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்பவர்கள் கவனியுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கழிவிலிருந்து உருவாகி நீரில் கரைந்து வரும் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நல்ல மண்கூட அதை முழுதாகப் பிடித்து வைக்காது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போன நீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம்.

தயவுசெய்து கொத்தனாரைக் கூப்பிடும் முன் மண்ணைப் பாருங்கள். கிணற்றிலிருந்து டேங்க் 15 மீட்டர், உறிஞ்சுகுழி 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளங்கள். மேட்டில் குழி, பள்ளத்தில் கிணறு வேண்டவே வேண்டாம். மேல்மண் நீரை உறிஞ்சவில்லை என்று மணல் தட்டும்வரை ஆழப்படுத்தாதீர்கள். பழைய ஆழ்துளைக் கிணற்றில் கழிவுநீரை விடுவதை ஒருநாளும் செய்யாதீர்கள். நீரூற்றுக்கே நேர்வழி போட்டுக் கொடுப்பது அது.

நிலம் ஒத்துவராவிட்டால் தரைக்கு மேல் மணல் மேடு அமைத்து வடிகட்டலாம். அதற்கும் இடமில்லாத மனையில் கழிவைத் தேக்கி, லாரியில் எடுத்துப் போகிற கசியாத தொட்டிதான் வழி. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வருடம் ஒருமுறையாவது, மழைக்காலம் முடிந்த கையோடு, கிணற்று நீரைக் கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதனைக்குக் கொடுங்கள்.