நேற்று மாடு என்ன தின்றது?

கால்நடை மருத்துவனான எனக்கு இந்த வைகாசியில் வயிறு புளித்துப் படுத்த ஐந்தாவது மாடு இது. எல்லாமே கல்யாணமோ கிரகப்பிரவேசமோ முடிந்த மறுநாள் காலையில் வந்த போன். இப்போதெல்லாம் எடுத்ததும் "வீட்டில் விசேஷமா?" என்றுதான் கேட்கிறேன்.

போன வாரம் பாலக்கோடு பக்கம் ஒரு தோட்டத்து வீடு. காரிமங்கலம் சந்தையில் 60,000 ரூபாய்க்குப் பிடித்த கலப்பினக் கறவை. தலையை வயிற்றுப் பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. கண் உள்ளே போய், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. இடது விலாவில் முஷ்டியை வைத்துக் குத்தினால் குடத்துத் தண்ணீர் தளும்புகிற சத்தம். வயிற்றுக்குள் குழாய் விட்டதும் புளித்த வாடை. புளிப்பை அளக்கும் பி.எச். தாள் 5-க்குக் கீழே காட்டியது. 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்க வேண்டியது.

"புதுசா என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலீங்க சார். எப்பவும் போடுற தீவனந்தான்."

மாடு வீட்டுக்காரர் பெயரில், கடன் அவர் பெயரில், சங்கத்துப் பால் பணமும் அவர் கணக்கில். மாடு தின்றது மட்டும் அவருக்குத் தெரியாது. திண்ணையில் இருந்த பாட்டிதான் சொன்னார்: "ராத்திரி பந்தி முடிஞ்சு மீந்த சோறு ஒரு அண்டா வெச்சேன் சாமி. கீழ கொட்டுனா பாவமில்லையா?"

இந்தப் பாவக் கணக்கைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சோறு நமக்கு நல்லது, அதனால் மாட்டுக்கும் நல்லது என்று யார் சொன்னது? மாடு சோளத்தட்டும் தழையும் தின்று, நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுகிற உயிர். சோற்றில் அசை போட என்ன இருக்கிறது? உள்ளே கிடந்து புளிக்கத்தான் செய்யும். "தினமும் கஞ்சித் தண்ணி குடிக்குதே சார்" என்பார்கள். கழுநீரில் கிடக்கிற ஒரு பிடிச் சோறு வேறு, ஒரே ராத்திரியில் ஒரு அண்டா வேறு. "ஆசையாத் தின்னுச்சே" என்பார்கள். ஆசையாகத்தான் தின்னும், போதும் என்று நிறுத்தத் தெரியாது. களி, இட்லி மாவு, பூந்தி எல்லாம் இதே கதைதான். நம் ஊர்க் கேழ்வரகு உடம்புக்குக் குளிர்ச்சி என்று மாவை வாளி வாளியாகக் கரைத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி ராகியானாலும் மாவு மாவுதான். மாடு பிழைத்தாலும் குளம்பு நோவெடுத்து நொண்டலாம், பால் பழையபடி வராமலே போகலாம்.

மீந்ததை எருக்குழியில் கொட்டுங்கள், அடுத்த போகத்துக்கு வயலுக்கே வரும். தெரியாமல் தின்றுவிட்டதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்கு அடியுங்கள். ஆப்ப சோடா கொடுக்கலாமா, எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். தயவுசெய்து தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் நான் வந்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அப்புறம் மாட்டின் அடையாளத்துக்குப் போடுகிற அந்த 12 இலக்க எண் கொண்ட காதுத் தோடு. விழுந்துவிட்டால் உடனே வேறு போடுங்கள். காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த மாட்டின் காதில் ஓட்டைதான் இருந்தது.

உங்கள் மாடுதானே? நேற்று என்ன தின்றது, கடைசியாக எப்போது அசை போட்டது, சாணி எப்படிப் போட்டது, இந்த மூன்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கட்டும். வெளியூர் போனால் பார்த்துக்கொள்கிறவர் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நாலாவது பாட்டில் குளுக்கோஸ் ஏறியபோது மாடு காதை அசைத்தது. பாட்டி கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "சாமி, மேலத்தோட்டத்துக்கும் ஒரு குண்டான் குடுத்து விட்டோம். அவங்க மாட்டுக்கு வெச்சிருப்பாங்களா?"

பையை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடினேன்.