ரிப்போர்ட் கிளீனா வந்துருச்சுன்னா குடிக்கலாம்னு அர்த்தம் இல்லீங்க

மதுவுல என்னென்ன இருக்குன்னு பரிசோதிக்கற எங்க லேபுக்கு இந்த மாசத்துல இப்படி வந்த மூணாவது ஆள் இவர். பேப்பர்ல சுத்தின பாட்டில், பாதி காலி. "ஈரல் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு, நான் நல்ல சரக்கத் தவிர வேற தொடவே மாட்டேன், இதுல என்னமோ கெமிக்கல் கலந்திருக்காங்க, என்னன்னு கண்டுபிடிச்சு குடுங்க"ன்னாரு. பண்ணோம். மெத்தனால் ரொம்பக் கம்மி, ஈயம் கம்மி, ஆர்சனிக் எங்க மிஷின்ல சிக்குற அளவுக்குக்கூட இல்ல, எத்தில் கார்பமேட் (மது தயாராகும்போதே தானா உருவாகற ஒரு ரசாயனம்) வரம்புக்குள்ள. ரிப்போர்ட்டப் பாத்ததும் அவர் மூஞ்சில ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதப் பாத்துட்டு எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. "அப்ப இந்த பிராண்ட் ஓகேதான?"ன்னு கேட்டாரு.

ஓகே இல்ல. அந்த ரிப்போர்ட்ல முதல் வரியே எத்தனால், அதாவது போதை தர்ற அந்த ஆல்கஹால், எத்தனை சதவீதம்ங்கறதுதான், ஆனா அந்த வரிய யாரும் படிக்கறதில்ல. காசு குடுத்து வாங்குறதே அதுக்காகத்தான்ங்கறதால அது விஷமா கண்ணுக்குத் தெரியறதில்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மதுபானங்கள 1988-லயே முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருட்களோட லிஸ்ட்ல சேத்துருச்சு. 2010-ல வந்த தொகுப்புல எத்தனாலையே தனியா அதே பிரிவுல வச்சாங்க. நீங்க பயந்துக்கிட்டு டெஸ்ட் பண்ணச் சொல்ற எத்தில் கார்பமேட் அதுக்கு ஒரு படி கீழ, 'அநேகமா வரவைக்கும்'ங்கற பிரிவுல இருக்கு. (எங்க ஆளுங்களுக்குள்ளயே நான் சண்டை போடுற விஷயம் ஒண்ணு, இந்தப் பிரிவெல்லாம் ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதத்தான் சொல்லும், விஷம் எவ்வளவு வீரியம்ங்கறத சொல்லாது. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.)

வீரியத்துக்கு நாங்க போடுற கணக்கு வேற, மார்ஜின் ஆஃப் எக்ஸ்போஷர்னு பேரு. மிருகங்கள்ல செஞ்ச சோதனையில எந்த அளவுல போனா பத்து சதவீதம் கூடுதலா கட்டி வர ஆரம்பிக்குதுன்னு ஒரு அளவ எடுத்துக்குவோம், அத நீங்க தினமும் உள்ள எடுத்துக்கற அளவால வகுப்போம். வர்ற நம்பர் பெருசா இருந்தா ஆபத்து தூரத்துல இருக்கு, சின்னதா இருந்தா பக்கத்துல நிக்குது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி புற்றுநோய்ப் பொருட்களுக்கு 10,000-க்கு மேல இருந்தா பெருசா கவலைப்பட வேணாம்னு 2005-ல சொல்லியிருக்கு.

இப்ப உக்காந்து போட்டே பாத்துருவோம். 60 கிலோ எடை உள்ள ஆள், 40 சதவீத சரக்கு, தினமும் 100 மில்லி. கனடாவுல 1985-ல எத்தில் கார்பமேட்டுக்கு வச்ச வரம்பு சாதாரண ஸ்பிரிட்டுக்கு லிட்டருக்கு 150 மைக்ரோகிராம், அந்த வரம்பத் தொட்டுக்கிட்டு நிக்குற மோசமான பாட்டில்னே வச்சுக்குவோம். 100 மில்லியில 15 மைக்ரோகிராம், கிலோவுக்கு 0.25. மிருகச் சோதனையிலேருந்து எடுத்து ஒப்பிடுற அளவு கிலோவுக்கு 300 மைக்ரோகிராம், வகுத்தா 1,200. பத்தாயிரத்தவிடக் கம்மி, அதனால நான் இத கண்டுக்காம விடமாட்டேன், கம்பெனிக்காரங்க இன்னும் குறைக்கணும்னுதான் எழுதுவேன். அதே 100 மில்லியில எத்தனால் எவ்வளவு? சுமாரா 31 கிராம், கிலோவுக்கு 520 மில்லிகிராம்க்கு மேல. எலியில எத்தனாலுக்கு எடுத்த அளவு கிலோவுக்கு 700 மில்லிகிராம். வகுத்துப் பாருங்க, 1.3 வருது.

ஆயிரத்து இருநூறு எங்க, ஒன்னே கால் சொச்சம் எங்க! ஒரே கிளாஸ், ஒரே ஆள். நாலு டிரிங்க் தினமும் போடுறவங்களுக்கு இதே முறையில ஒப்பிட்டு 2012-ல வந்த ஆய்வுல எத்தனாலுக்கு கிடைச்சது 0.8, ஈயமும் ஆர்சனிக்கும் 10-லேருந்து 300-க்குள்ள, அசிட்டால்டிஹைடு, கேட்மியம், எத்தில் கார்பமேட் எல்லாம் 1,000-லேருந்து 10,000-க்குள்ள. அதனாலதான் சொல்றேன், சரக்குல என்ன கலந்திருக்குன்னு தேடி அலையறவங்க சரக்கையே கண்டுக்காம விட்டுட்டு மத்ததத் தேடுறாங்க. விலை ஒசந்த பாட்டில், மூணு தடவ காய்ச்சினது, பத்து வருஷம் பீப்பாயில இருந்ததுன்னு எத சொன்னாலும் அந்த 1.3 அசையாது, ஏன்னா கணக்குல வர்றது எத்தனால்தான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில ஆபத்தில்லாத அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு வெளிப்படையாவே சொல்லிருச்சு.

அப்ப நீங்க டெஸ்ட்டே பண்ண வேணாமான்னு கேப்பீங்க. கண்டிப்பா பண்ணணும். எல்லாத்தையும் குடி மேல போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு 1900-ல மான்செஸ்டர் பக்கம் நடந்தத எடுத்துக்கோங்க. பீர் குடிக்கறவங்களுக்கு கை கால் மரத்துப்போய் தோல் கருத்துச்சு, டாக்டருங்க முதல்ல குடியால வர்ற நரம்புக் கோளாறுன்னு எழுதினாங்க. கடைசியில பாத்தா பீருக்குப் போட்ட சர்க்கரைய தயாரிக்க உபயோகிச்ச கந்தக அமிலத்துல ஆர்சனிக் இருந்துருக்கு. சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டாங்க, 70 பேராவது செத்தாங்க. அதுக்கு நேர் எதிரா 1965-66-ல கனடாவோட கியூபெக் நகரத்துல பீர் நுரை நிக்கணும்னு கோபால்ட் உப்பு சேத்தாங்க, நிறைய குடிக்கற சுமார் 50 பேருக்கு இதயத்தசை கெட்டுப்போச்சு, அதுல 20 பேர் வரைக்கும் போயிட்டாங்க. அந்த அளவு கோபால்ட் மட்டும் தனியா போயிருந்தா அப்படி ஆகியிருக்காது, ரத்தசோகைக்கு அதவிட அதிகமா மருந்தாவே அந்தக் காலத்துல குடுத்திருக்காங்க. குடியும் சத்தில்லாத சாப்பாடும் ஏற்கனவே ஒடம்ப அரிச்சு வச்சிருந்ததுல கோபால்ட் வந்து முடிச்சிருச்சு. இந்த ரெண்டு கேஸையும் எங்க லேபுக்கு புதுசா வர்ற பசங்களுக்கு முதல் வாரமே சொல்லிருவேன்.

ஈயத்துக்கு ஒரே ஒரு விஷயம். ஈயக் கண்ணாடியில, அதான் கிரிஸ்டல்னு சொல்லி ஷோகேஸ்ல வைப்பாங்களே, அந்த டிகேன்டர்ல (மது ஊத்தி வைக்கற ஜாடி) மதுவ ஊத்தி மாசக்கணக்கா வைக்காதீங்க. 1991-ல வந்த ஆய்வுல போர்ட் ஒயின அப்படி நாலு மாசம் வச்சதுல லிட்டருக்கு நூறுக்குள்ள இருந்த ஈயம் 5,000 மைக்ரோகிராம தாண்டிருச்சு. அன்னிக்கு ஊத்தி அன்னிக்கே காலி பண்றது வேற விஷயம். பிளம், செர்ரி மாதிரி கொட்டை உள்ள பழங்கள்ல காய்ச்சின ஸ்பிரிட்ட வெயில்ல வைக்காதீங்க, வெளிச்சம் பட்டா எத்தில் கார்பமேட் ஏறும்.

மெத்தனால் மட்டும் தனி ரகம். மத்ததெல்லாம் வருஷக்கணக்குல வேலை செய்யும், இது ஒரே ராத்திரியில கண்ண எடுத்துரும், உசுரையும். கொத்துக்கொத்தா சாவு வர்ற கேஸ்கள்ல பெரும்பாலும் அது புளிக்கும்போது தானா வந்தது கிடையாது, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால யாரோ கொண்டுவந்து ஊத்தினது. "காய்ச்சும்போது முதல்ல வர்றத கீழ கொட்டிட்டா மெத்தனால் போயிரும்"னு நிறைய பேர் நம்புறாங்க, அப்படி முழுசா போகாது, தண்ணியோட ஒட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். தீக்குச்சி வச்சு நீலமா எரியுதான்னு பாக்கறது சுத்த வேஸ்ட், எத்தனாலும் நீலமாத்தான் எரியும். வாசனை, ருசி எதுலயும் பிடிபடாது. தயவுசெஞ்சு சீல் உடைஞ்சது, எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாதது, யாரோ கேன்ல குடுத்ததுன்னு எதையும் வாயில வைக்காதீங்க, அவ்வளவுதான்.

குடிச்சதும் ஒண்ணும் ஆகலையேன்னு நினைக்கறதுதான் இதுல பெரிய மோசம். மெத்தனால விஷமா மாத்துறது நம்ம ஈரல்தான், அது ஃபார்மிக் அமிலமா சேர 12-லேருந்து 24 மணி நேரம் ஆகும், கூட எத்தனால் இருந்தா இன்னும் தள்ளிப்போகும். மறுநாள் வயித்துவலி, வாந்தி, பனிமூட்டத்துக்குள்ள பாக்கற மாதிரி கண்ணு மங்கறது, வேகமா ஆழமா மூச்சு வாங்கறதுன்னா அத ஹேங்ஓவர்னு சொல்லி படுக்கப் போடாதீங்க. ஆஸ்பத்திரியில மாத்து மருந்து இருக்கு, டயாலிசிஸ் இருக்கு, நேரத்துக்குப் போனா காப்பாத்தலாம். எத்தனால் அதுக்கு முறிவுன்னு எங்கயோ படிச்சுட்டு வீட்லயே இன்னொரு ரவுண்டு ஊத்திக் குடுக்கற வேலை வேணாம், அது ரத்தத்துல அளந்து அளந்து டாக்டர் பண்ற வேலை. வெக்கப்படாம என்ன குடிச்சோம், எத்தன மணிக்குக் குடிச்சோம்னு உள்ளத சொல்லுங்க, டாக்டர் யாரும் அங்க உங்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுக்க உக்காந்திருக்கல. மிச்சம் இருக்கற பாட்டில கீழ கொட்டாம மூடி போட்டு எடுத்துட்டுப் போங்க. அதே பாட்டில்ல குடிச்ச மத்தவங்களையும் உடனே எழுப்பி கூட்டிட்டுப் போங்க, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நான் தூங்கறேன்"னு சொல்ற ஆளையும் சேத்து.