உருண்ட கல்லும் உடைந்த கல்லும்: சரளைப் பாதையில் சைக்கிள் எப்படி ஓடுகிறது?

ஆற்றங்கரையிலிருந்து ஒரு கை கூழாங்கல், கல் உடைக்கும் இடத்திலிருந்து ஒரு கை ஜல்லி. இரண்டையும் தரையில் தனித்தனியாகக் கொட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கூழாங்கல் குவியல் விலகி வழிவிடும், விரல் உள்ளே இறங்கும். ஜல்லி அப்படி விடாது. ஒரு கல்லின் மூலை இன்னொன்றின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அழுத்த அழுத்த இறுகும். கடைசியில் விரல்தான் வலிக்கும்.

சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதன் பாதி அறிவியல் இதற்குள் இருக்கிறது. தார் கலக்காமலே உறுதியான சாலை போடலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லவுடன் மெக்காடம் நம்பியதும் இதைத்தான். சின்னதாக உடைத்த, மூலை உள்ள கற்களைப் பரப்ப வேண்டும். நடுவைக் கொஞ்சம் உயர்த்தித் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிய வைக்க வேண்டும். மிச்ச வேலையை அதன் மேல் ஓடும் வண்டிச் சக்கரங்களே பார்த்துக்கொள்ளும். ஓட ஓடக் கற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ஒரே பலகை போல ஆகிவிடும்.

ஆறு செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. மலையிலிருந்து பெயர்ந்த கல்லை உருட்டி, மோதவிட்டு, மூலைகளையெல்லாம் தேய்த்துவிடுகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சக்கரத்துக்குக் கீழே அது பேரிங் குண்டு மாதிரி. உருளுமே தவிரப் பூட்டிக்கொள்ளாது. ஆகவே மேடும் பள்ளமுமான நாட்டுப்புறத்தில் ஒரே சாலை இரண்டு குணம் காட்டும். மேட்டு முதுகில் உடைந்த கல், இறுகிய தரை. பள்ளத்தாக்கில் இறங்கினால் உருண்ட கல், மணல், நழுவல்.

மூலை இருப்பதிலும் ஓர் அளவு வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃப்ளின்ட் ஹில்ஸ் என்ற குன்றுப் பகுதி இருக்கிறது. அங்கே சுண்ணாம்புப் பாறை கரைந்துபோக, அதன் நடுவே இருந்த சிக்கிமுக்கிக் கல் கரையாமல் மிஞ்சியது. அந்த மண்ணில் ஏர் ஓடவில்லை, அதனால் புல்வெளி பிழைத்தது. 2006 முதல் அங்கே 200 மைல் சரளைப் பாதைப் பந்தயம் நடக்கிறது. அதில் ஓட்டுகிறவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுவதைவிட, டயரைக் கிழிக்கும் அந்தக் கல்லுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

சரி, டயருக்கு வருவோம். காற்றை இறுக்கி அடித்தால் சைக்கிள் வேகமாக ஓடும் என்பது நம்மில் பலருக்குப் பழகிப்போன நம்பிக்கை. வழவழப்பான தரையில் அதில் உண்மை உண்டு. சரளையில் அது தலைகீழாகிவிடுகிறது.

கணக்கு எளிது. டயர் தரையைத் தொடும் பரப்பை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் பெருக்கினால், ஏறக்குறைய அந்தச் சக்கரம் தாங்கும் எடை வரும். பின்சக்கரம் 45 கிலோ தாங்குகிறது என்று வையுங்கள். 90 பிஎஸ்ஐ (டயர்க் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 7 சதுர சென்டிமீட்டர்தான். 30 பிஎஸ்ஐ என்றால் 21. மூன்று மடங்கு தரை, மூன்று மடங்கு கற்கள் எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே கல்லின் மேல் முழு பாரமும் விழாததால் அது பிதுங்கி ஓடுவதில்லை.

இதைவிட முக்கியமானது குலுக்கல். கடினமான சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரத்தின் பங்குக்கு வரும் 40 கிலோவை 1 சென்டிமீட்டர் தூக்க ஏறக்குறைய 4 ஜூல் ஆகும். மீட்டருக்கு ஒரு கல், நொடிக்கு 6 மீட்டர் வேகம் என்றால், தூக்குவதற்கு மட்டும் 24 வாட். இறங்கும்போது ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். மிச்சம் கையிலும் தொடையிலும் வயிற்றிலும் அதிர்ந்து சூடாகக் கரைந்துபோகும். நிதானமாக மிதிக்கும் ஒருவர் தரக்கூடியதே 100 வாட்டுக்கு அக்கம்பக்கம். மென்மையான டயர் என்ன செய்கிறது? அந்தக் கல்லைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது. ரப்பர் வளைவதில் கொஞ்சம் சக்தி வீணாகத்தான் செய்யும், ஆனால் குலுக்கலில் போவதோடு ஒப்பிட்டால் அது சில்லறை. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் மாட்டியதும் கரடான தரையில் அவன் படும் குலுக்கலைக் குறைக்கத்தான். வேகம் அதோடு சேர்ந்து வந்த லாபம்.

அதற்காகக் காற்றைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. ஒரு கட்டத்தில் கல் டயரைத் தாண்டி ரிம்மை இடிக்கும். நடுவில் மாட்டிய டியூப் அடுத்தடுத்து இரண்டு இடத்தில் கிழியும். சரளைப் பாதைக்கென்றே செய்யும் கிராவல் சைக்கிள்களில் 40, 45 மில்லிமீட்டர் அகல டயர் போடுவதும், பலர் டியூபையே எடுத்துவிட்டு உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்வதும் இந்தத் தொல்லைக்காகத்தான்.

இனி நிலம். எண்பது கிலோவை (ஆளும் வண்டியும் சேர்த்து) 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 78 கிலோஜூல் வேண்டும். சாப்பிட்டதில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் தசை வேலையாக மாற்றும் என்பதால், உடம்புக்கு அது சுமார் 75 கிலோகலோரி செலவு. இது பெரிய தொகை ஒன்றும் இல்லை. மேடு பள்ளப் பாதையில் ஆளைச் சோர வைப்பது வேறு இரண்டு.

ஒன்று, நேரம். ஏறும்போது மணிக்கு 10 கிலோமீட்டர், அதே தூரம் இறங்கும்போது 40. சராசரி 25 வரும் என்று மனம் சொல்லும். வராது, 16தான் வரும். ஏற்றத்திலேயே அதிக நேரம் கழிந்துவிடுவதால் இறக்கத்தின் வேகம் அதை ஈடுகட்ட முடிவதில்லை. பயணத் திட்டம் போடுகிறவர்கள் தூரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று, திரும்பக் கிடைக்காத கடன். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தின் அடியைத் தாண்டினால், காற்றும் தரையும் பிடிப்பதை விட்டுவிட்டால், மிதிக்காமலே எதிர் மேட்டில் 5 மீட்டர் உயரம் வரை ஏறலாம். வேகம் பாதியானால் உயரம் பாதியாகாது, கால் பங்காகும்: 1.3 மீட்டர்கூடத் தேறாது. அப்படியானால் பள்ளத்தின் அடியில் பிரேக் பிடிக்காமல் போக வேண்டும். ஆனால் அங்கே இருப்பது என்ன? ஓடை. ஓடை கொண்டுவந்து போட்ட உருண்ட கல்லும் மணலும். வேகம் அதிகம் தேவைப்படுகிற அதே இடத்தில்தான் தரையை நம்ப முடியாது. சேர்த்து வைத்த சக்தியையெல்லாம் பிரேக் வட்டைச் சூடாக்கச் செலவழித்துவிட்டு, மறுபக்கம் முதலிலிருந்து மிதிக்கத் தொடங்குகிறோம்.

நானும் ஒரு முறை மறுபக்கம் ஏறும் பேராசையில் பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். அடியில் பாதை லேசாக வளைந்தது. முன்சக்கரம் வளையவில்லை, அவ்வளவுதான். முழங்கையில் பதிந்திருந்த கற்களைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தபோது, ஒன்றில்கூட மூலை இல்லை. 15 மீட்டர் ஆர வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் திரும்ப, எடையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு உராய்வு வேண்டும். காய்ந்த தார்ச்சாலை அதைத் தாராளமாகத் தரும்; கூழாங்கல் தராது. 20 கிலோமீட்டராகக் குறைத்திருந்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கே போதும்.

இதனால்தான் ஒரு பகுதியின் ஆறுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. ஆற்றோடு போகும் பாதை சாதுவானது. கடலை நோக்கிப் போகப் போக ஆற்றின் சரிவே குறைந்துகொண்டு போகும். ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதை ரம்பத்தின் பல் மாதிரி. ஆற்றோடு போகும்போதும் கவனிக்க ஒன்று உண்டு. வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக மோதிக் கரையை அரிக்கும். அங்கே கரை செங்குத்தாக நிற்கும், பாதை மேலே ஏறித்தான் போக வேண்டும். உட்பக்கம் தண்ணீர் தயங்கி, சுமந்து வந்ததை இறக்கி வைக்கும். அங்கே பாதை சமதளம், ஆனால் சக்கரம் புதையும். என்னைக் கேட்டால் ஏற்றமே மேல்.

அப்புறம், நெளி தகரம் போல வரி வரியாகக் கிடக்கும் தரை. எதிரே யாரோ வேண்டுமென்றே செதுக்கி வைத்ததுபோல இருக்கும். வண்டிகளின் ஸ்பிரிங் துள்ளுவதால் வருகிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சுழலும் மணல் படுக்கையில் ஸ்பிரிங்கே இல்லாத ஒரு சாதாரணச் சக்கரத்தை உருட்டியபோதும் அதே வரிகள் எழுந்தன. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே தரை தட்டையாகவே இருக்கும். அதைத் தாண்டியதும் சக்கரம் ஒரு சின்ன மேட்டில் எம்பி, அடுத்த இடத்தில் விழுந்து குழி பறிக்கும். அந்த வேகம் மிகக் குறைவு, எந்த வண்டியும் அவ்வளவு மெதுவாகப் போகாது. ஆக, வரி விழுவதைத் தடுக்க வழியில்லை. சைக்கிள்காரருக்குக் கிடைக்கும் ஆறுதல் சாலையின் ஓரம்தான். கார் சக்கரம் ஏறாத அந்த ஒரு முழ அகலத்தில் வரி இருக்காது.

இத்தனைக்கும் மேலே தண்ணீர் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த மண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்க எதுவும் இல்லை. கொஞ்சம் ஈரம் சேர்ந்தால், துகள்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீர்ப் படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கும். ஈர மணலில் மட்டும் வீடு கட்ட முடிவது இதனால்தான். இடைவெளியெல்லாம் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அந்தப் பிடிப்பு போய்ச் சேறாகிவிடும். எனவே இறக்கத்தின் தலையில் ஒரு நிமிடம் நின்று, ஏற்கெனவே போன ஒரு டயரின் தடத்தைக் குனிந்து பாருங்கள். விளிம்பு உதிர்ந்து கிடந்தால் தரை காய்ந்துவிட்டது. தடத்துக்குள் தண்ணீர் ஊறி மினுங்கினால் இன்னும் ஆறவில்லை. டயரின் பூ அச்சுப் பதித்ததுபோல, விளிம்பு நொறுங்காமல் நின்றால் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம்.