டம்ப்: கொட்டல் வேறு, காப்பு வேறு

“டம்ப் எடுத்தாச்சா?” என்று தரவுத்தள வேலையில் கேட்பவர் பெரும்பாலும் பேக்கப்பைத்தான் கேட்கிறார். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பொருளில் ஒன்றல்ல.

ஆங்கிலத்தில் டம்ப் என்றால் பாரத்தைத் தொப்பென்று கீழே போடுவது, கொட்டுவது. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிகளின் கணிப்பு. கணினிகளின் நினைவகம் சிறுசிறு காந்த வளையங்களால் ஆனதாக இருந்த காலத்தில் அதற்குக் கோர் என்று பெயர். நிரல் செத்து விழுந்தால், கோரில் இருந்ததை எல்லாம் காகிதத்தில் அச்சிட்டுக் கொட்டுவார்கள். அது கோர் டம்ப். வளையங்கள் போய்விட்டன, சொல் நிற்கிறது. தரவுத்தளத்தில் இருப்பதை எஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மொழியின் கட்டளைகளாகக் கொட்டும் மைஎஸ்க்யூஎல்டம்ப் (மைஎஸ்க்யூஎல்லுக்கு), பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸுக்கு) ஆகிய கருவிகளுக்கும் அதே சொல்தான் பெயராயிற்று.

தமிழில் ‘திணிப்பு’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. திசையே தவறு: திணிப்பது உள்ளே தள்ளுவது, இது வெளியே கொட்டுவது. செயலுக்குக் ‘கொட்டல்’, விளையும் கோப்புக்குக் ‘கொட்டுகோப்பு’ என்பது பொருந்தும். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, காலம் காட்டாது. கொட்டிய கோப்பா, இன்னும் கொட்டும் கோப்பா என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பேக்கப்புக்குக் ‘காப்பு நகல்’ நல்ல சொல். திருவிழாவில் கையில் கட்டுவதும், நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்புத்தானே. கொட்டி முடிந்து, மீட்கவும் முடிந்த கோப்பே அந்தப் பெயருக்கு உரியது.

பாதியில் நின்ற கொட்டலும் கோப்பாகவே கிடக்கும் என்பதுதான் சிக்கல். பெரும்பாலும் அமைப்புகளே (செட்டிங்குகளே) காரணம். படம், பிடிஎஃப் போன்றவற்றை அட்டவணைக்குள்ளேயே வைத்திருந்தால் ஒரே வரிசை (ஒரு பதிவு) பல எம்பிக்குப் போகும். ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் வரம்பான ‘மேக்ஸ் அலவுடு பேக்கெட்’டுக்கு மைஎஸ்க்யூஎல்டம்ப்பில் இயல்பு அளவு 24 எம்பி. அதைத் தாண்டும் வரிசை வந்ததும் 2020 என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். பலர் இதை அமைப்புக் கோப்பில் சர்வருக்கான ‘மைஎஸ்க்யூஎல்டி’ பகுதியில் மட்டும் கூட்டிவிட்டு, பிழை போகவில்லையே என்று திகைப்பார்கள். கூட்ட வேண்டியது ‘மைஎஸ்க்யூஎல்டம்ப்’ பகுதியில். 512 எம்பி வைக்கலாம், உச்சவரம்பு 1 ஜிபி.

மைஎஸ்க்யூஎல் பதிப்பு உயர்ந்த மறுநாளே பிழை வந்தால் அனுமதியைப் பாருங்கள். 5.7.31, 8.0.21 பதிப்புகள் முதல் டேபிள்ஸ்பேஸ் (அட்டவணைகளின் சேமிப்பிடம்) விவரம் எடுக்க ‘பிராசஸ்’ உரிமை வேண்டும். காப்புக்கான பயனருக்கு அதைக் கொடுக்க மனமில்லையென்றால் ‘நோ-டேபிள்ஸ்பேசஸ்’ விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் இன்னொரு பொறி. கோப்புப் பெயரில் தேதி சேர்க்க இடும் % குறியை கிரான் புதுவரியாக எடுத்துக்கொண்டு கட்டளையை அங்கேயே வெட்டிவிடும். முன்னால் பின்சாய்கோடு இட்டு \% என்று எழுத வேண்டும். கையால் ஓட்டினால் சரியாக நடப்பதும், இரவில் மட்டும் தோற்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது, கொட்டலை நேராகக் கோப்பைச் சுருக்கும் ஜிஜிப்புக்குப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்குள் விடும் குழாய்) போட்டு அனுப்புவது. கொட்டல் தோற்றாலும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குக் கிடைப்பது ஜிஜிப்பின் வெற்றிக் குறியீடு. தொடக்கத்திலேயே தோற்றால் 20 பைட் கோப்பு ஒன்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். பாஷ் என்னும் ஷெல்லுக்கான ஸ்கிரிப்ட்டின் தலையில் ‘பைப்ஃபெயில்’ விருப்பத்தை இயக்கினால் தோல்வி வெளியே தெரியும். கூடவே கோப்பின் கடைசி வரியையும் பாருங்கள்: ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ என்று தேதியோடு இருக்க வேண்டும். குறிப்புரைகளை நிறுத்தும் ‘காம்பாக்ட்’ போன்ற விருப்பங்கள் இட்டிருந்தால் அந்த வரி வராது.

அந்த வரி இருந்தாலும் வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்காமல் விடக்கூடாது. ஏற்றும்போது சர்வர் பக்கத்துப் பேக்கெட் வரம்பு குறுக்கே வரும்: 5.7இல் இயல்பாக 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. எடுக்கும்போது 512 வைத்தவர் ஏற்றும் சர்வரிலும் அதையே வைக்காவிட்டால், அந்தப் பெரிய வரிசை வந்ததும் இணைப்பு அறுந்துவிடும்.