பழைய பறவைப் படம் வீட்டில் இருக்கிறதா? வெளிச்சத்தைக் கவனியுங்கள்

காகிதப் பாதுகாப்பு என் தொழில். கையால் வண்ணம் தீட்டிய பழைய பறவை அச்சுப் படங்கள் சரிசெய்ய வரும்போது நான் முதலில் பார்ப்பது பறவையை அல்ல, அது உட்கார்ந்திருக்கும் கிளையின் இலைகளை. பல படங்களில் இலைகள் நீலமாக இருக்கும். ஓவியர் தீட்டியது பச்சைதான். பிரஷ்ய நீலத்தோடு காம்போஜ் போன்ற தாவர மஞ்சளைக் கலந்து அந்தப் பச்சையை உண்டாக்கினார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்துவிட்டது. நீலம் மட்டும் மிச்சம். போன மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் படங்களைச் செய்த விதம் தெரிந்தால் இது ஏன் என்று புரியும். செப்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கியோ அமிலத்தால் அரித்தோ, கறுப்பு மையில் அச்சிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு தாளுக்கும் மாதிரிப் படத்தைப் பார்த்துத் தனித்தனியாக நீர்வண்ணம் தீட்டுவார்கள். பறவை ஓவியர் ஆடுபனின் 'அமெரிக்கப் பறவைகள்' தொகுப்பு 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வந்தது. பெரும்பகுதியைச் செதுக்கியவர் லண்டனின் ராபர்ட் ஹேவல். அவருடைய பட்டறையில் பலர் உட்கார்ந்து வண்ணம் தீட்டினார்கள். அவர்கள் பூசியது வேலம்பிசின் கலந்த மெல்லிய வண்ணப் படலம்தான். கார்மைன் சிவப்பும் தாவர மஞ்சளும் அதில் வெகு சீக்கிரம் வெளுப்பவை.

வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டேதான் போகும். இரவில் விளக்கை அணைத்தாலும் பகலில் போனது போனதுதான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது உதவும், ஆனால் போதாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே வண்ணத்தை வெளுக்க வைக்கும். அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு, பெட்டிக்குள் ஓய்வு கொடுப்பது இதனால்தான். வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும், படத்தின் மேலேயே அடிக்கும் ஸ்பாட் லைட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த ஆபத்து 'சுத்தம் செய்வது'. தாள் பழுப்பாகிவிட்டதே என்று தண்ணீரில் போட்டால் வண்ணம் கரையும். காரத்தன்மையுள்ள நீர் பட்டால் பிரஷ்ய நீலம் பழுப்பாக மாறிவிடும். பறவையின் வெள்ளை மார்பு கறுத்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். பெரும்பாலும் அது ஈய வெள்ளை என்ற வண்ணம்; காற்றிலுள்ள கந்தக வாயு பட்டுக் கறுத்தது. பயிற்சி பெற்றவர் ஹைட்ரஜன் பெராக்சைடை அளந்து பயன்படுத்தினால் அதைப் பல நேரம் மீட்டுவிடலாம். எனக்கு மனநிறைவு தரும் வேலைகளில் அதுவும் ஒன்று. தேய்த்து எடுத்துவிட்டால் மீட்க அங்கே எதுவும் இருக்காது.

ஃப்ரேம் போடக் கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அமிலமில்லாத பருத்தி அட்டை, மாவுப்பசையில் ஒட்டிய ஜப்பானியத் தாள் பட்டை, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி. கடற்கரை ஊர்களின் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிப்பது பெரும் பாடு. செல்லோடேப்பும் ஃபெவிகாலும் கிட்டவே வரக்கூடாது. ஃப்ரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்ட விடாதீர்கள். தகடு அழுந்திய தடமும், ஓவியர், செதுக்கியவர் பெயர்களும் அங்கேதான் இருக்கும்.

இன்றும் பளிச்சென்று இருக்கும் பழைய படங்களில் பல, மூடிய புத்தகத்துக்குள் இருட்டில் கிடந்து பிழைத்தவை. (லென்ஸில் பார்த்தால் சீரான புள்ளிகள் தெரியும் 'பளிச்' படம் பிற்கால அச்சு.) மருத்துவரான ஜெர்டன் 1840களில் மதராஸிலிருந்து வெளியிட்ட இந்தியப் பறவைத் தொகுப்பு மாதிரியானவற்றை, தாள் தாளாகப் பிரித்து விற்கிறார்கள். அதில் உழைத்த நம் நாட்டு ஓவியர்களின் கைவேலை இப்படிச் சிதறிப்போவது எனக்கு வலிக்கிறது. முழுப் புத்தகம் கையில் இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். சுவருக்கு அழகு வேண்டுமா, நல்ல ஸ்கேன் எடுத்துப் பிரதியை மாட்டுங்கள். அசல் அமிலமில்லாத பெட்டியில் படுத்தவாக்கில் இருக்கட்டும்.