விட்ட பிறகு ஏன் இத்தனை கனவு?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எதுவும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், நியாயம்தான். அவருடைய தம்பி சில வருடங்களாகக் கஞ்சா அடித்து வந்தவர். போன மாதம் ஒருவரும் சொல்லாமல் தானாகவே விட்டிருக்கிறார். விட்டு நாலைந்து நாளில் தொடங்கியிருக்கிறது பிரச்சினை. சாமத்தில் கத்திக்கொண்டு எழும்புகிறார், உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்து கிடக்கிறது. “படம் ஓடுற மாதிரிக் கனவு வருது அண்ணை. முந்தி எனக்குக் கனவே வாறேல்லை” என்கிறாராம். அம்மா பார்வை பார்க்கிறவரிடம் கூட்டிக்கொண்டு போய் நூல் கட்டுவித்திருக்கிறார். வாசகர் கேட்பது இரண்டு: இது கஞ்சாவை விட்டதால்தான் வருகிறதா? எப்போது நிற்கும்?

முதற் கேள்விக்குப் பதில், ஆம். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

கேரள கஞ்சா பிடிபட்ட செய்தி எங்கள் பத்திரிகைகளுக்குப் புதிதில்லை. மாதகலில் இத்தனை கிலோ, வடமராட்சிக் கரையில் இத்தனை கிலோ, பெறுமதி இவ்வளவு என்று கணக்காக வரும். கஞ்சாவை விட்டுவிட நினைக்கிற பொடியனுக்கு அடுத்த மூன்று கிழமையில் உடம்பிலும் மூளையிலும் என்ன நடக்கும் என்று ஒரு பத்தி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று நான் நினைப்பதுண்டு.

நித்திரையின் கட்டங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், வேகமாகக் கடப்போம். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இலேசான நித்திரை, ஆழ்ந்த நித்திரை, அதற்குப் பிறகு ரெம் என்கிற கட்டம். ரெம்மில் மூடிய இமைக்குள் கண்கள் வெட்டி வெட்டி ஓடும். மூளை விழித்திருக்கும்போது போலவே வேலை செய்யும். கை கால் தசைகள் மட்டும் செயலற்றுக் கிடக்கும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953 இல் இதை வெளியிட்டார்கள். அசரின்ஸ்கி ஆரம்பத்தில் தன் எட்டு வயது மகனின் கண்ணருகே மின்வாய்களை ஒட்டித்தான் பார்த்தார். மற்றக் கட்டங்களிலும் கனவு வரும். ஆனால் துரத்துவது, விழுவது, செத்தவர் வந்து கதைப்பது என்று கதையோடு வருகிற கனவுகள் பெரும்பாலும் ரெம்முக்குரியவை. வளர்ந்தவர்களின் இரவில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக, இந்தக் கட்டத்தில் போகிறது. அதுவும் சமமாகப் பிரிந்து வராது. முதற் சுற்றில் சில நிமிடம்தான், விடிய விடிய நீண்டுகொண்டு போகும். விடியப்புறக் கனவு பலிக்கும் என்று எங்கள் கிழவிகள் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் ஊகம். பலிக்குமோ இல்லையோ, அந்த நேரத்தில் ரெம் அதிகம், எழும்புவதும் அதிலிருந்துதான். அதனால் கனவு நினைவில் நிற்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

கஞ்சாவின் போதைக்குக் காரணமான ரி.எச்.சி. என்ற சேர்வையை 1964 இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய 1988 ஆகிவிட்டது. ஒட்டுகிற இடத்துக்குச் சி.பி.1 வாங்கி என்று பெயர். எங்கோ வளர்கிற ஒரு செடியின் பொருளுக்கு எங்கள் மூளை ஏன் வாங்கி வைத்திருக்க வேண்டும்? அந்த வாங்கிக்குரிய சொந்தப் பொருளை மூளையே செய்கிறது என்பதுதான் பதில். அனந்தமைட் என்பதை 1992 இல் கண்டுபிடித்தார்கள், 2-ஏ.ஜி. என்ற இன்னொன்றை 1995 இல்.

இவை என்ன செய்கின்றன என்பதில்தான் அழகு இருக்கிறது. இரண்டு நரம்புக் கலங்கள் சந்திக்கிற இடமான நரம்பிணைப்பு ஒருவழிப் பாதை என்றுதான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முன் கலத்தின் முனைக்குக் கணத்தாக்கம் என்கிற மின் துடிப்பு வந்து சேரும், கல்சியம் அயன்கள் உள்ளே பாயும், புடகங்கள் என்கிற சிறு பைகள் தங்கள் இரசாயனத்தை இடைவெளிக்குள் கொட்டும், அடுத்த கலத்தின் வாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பரீட்சைக்கு இது போதும். ஆனால் 1990களின் தொடக்கத்தில் சில ஆய்வாளர்கள் ஒரு புதிரைக் கண்டார்கள். பின் கலத்தைக் கொஞ்சம் பலமாகத் தூண்டினால், முன் கலம் தன் இரசாயனத்தைக் கொட்டுவதைச் சில செக்கன்களுக்குக் குறைத்துக்கொண்டது. அப்படியானால் பின்னாலிருந்து முன்னுக்கு ஏதோ ஒன்று போகிறது. எது போகிறது என்று பத்து வருடமாகப் பிடிபடவில்லை. 2001 இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் விடையோடு வந்தன. போவது மூளையின் இந்தச் சொந்தக் கஞ்சாப் பொருள்தான்.

கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டால் என்ன செய்வோம்? ஒரு பொடியனைப் பிடித்து, “கொஞ்சம் குறைச்சு விடச் சொல்லு” என்று அனுப்புவோம். பின் கலம் செய்வதும் அதையேதான். தனக்கு வருகிற சத்தம் கூடிவிட்டதென்றால், தன் மென்சவ்வின் கொழுப்பிலிருந்தே 2-ஏ.ஜி. யை அந்த இடத்திலேயே செய்கிறது. இது கொழுப்புப் பொருள், புடகத்துக்குள் அடைத்து முன்கூட்டியே சேமித்து வைக்க முடியாது. தேவைப்படும்போதுதான் செய்யலாம். செய்ததும் அது எதிர்த் திசையில் போய் முன் கலத்தின் சி.பி.1 இல் ஒட்டுகிறது. கல்சியம் உள்ளே வருகிற வாயில் ஒடுங்குகிறது, கொட்டுவது குறைகிறது. வேலை முடிந்ததும் நொதியங்கள் அந்தப் பொருளைச் சிதைத்துவிடும். எல்லாம் சில செக்கன்களில், தேவையான அந்த ஒரு நரம்பிணைப்பில் மட்டும். இந்த அளவான, உடனுக்குடன் நடக்கிற ஒழுங்குபடுத்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

இதற்குள் ரி.எச்.சி. வருகிறது. ஒருவரும் அனுப்பாமலே, ஊரிலுள்ள ஒலிபெருக்கிகள் அத்தனைக்கும் ஒரே நேரத்தில், “குறை, குறை” என்று மணித்தியாலக் கணக்காகச் சொல்லிக்கொண்டு நிற்கிற ஆள் அது. அந்த நொதியங்களால் அதைச் சட்டென்று சிதைக்கவும் முடியாது. குறைக்கப்படுகிற கலங்களில் சில மற்றக் கலங்களை அடக்கி வைத்திருப்பவை. அவற்றின் குரல் தாழ்ந்தால் வேறெங்கோ ஆட்டம் கூடும். அதனால் போதையில் ஒருவருக்கு அமைதியும் இன்னொருவருக்குப் பதற்றமும் வருவதில் ஆச்சரியமில்லை.

நித்திரையில் இதன் விளைவு இரண்டு. தொடக்கத்தில் கெதியாக நித்திரை வரும், “அடிச்சால்தான் படுக்கலாம்” என்று சொல்வது அதனால். இரண்டாவது, ரெம் குறையும். 1970களில் அமெரிக்காவில் அதிக அளவு ரி.எச்.சி. கொடுத்து நித்திரையைப் பதிவு செய்தபோது ரெம்மும் அந்தக் கண் அசைவுகளும் குறைந்தன. கொடுப்பதை நிறுத்தியதும் வழமையைத் தாண்டி ஏறின. பிற்கால ஆய்வுகளின் முடிவுகள் அளவுக்கும் ஆளுக்கும் ஏற்ப மாறித்தான் வந்திருக்கின்றன. ஆனால் நிறுத்தியதும் கனவு பொங்குவதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள்.

ஏன் பொங்குகிறது? முதலாவது, ரெம்மை மறித்தால் மூளை கடன் கணக்கு வைத்துக்கொள்கிறது. 1960 இல் வில்லியம் டிமென்ட், ரெம் தொடங்கும்போதெல்லாம் ஆட்களை எழுப்பிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு இரவும் கூடக்கூட எழுப்ப வேண்டி வந்தது. கடைசியில் நிம்மதியாகப் படுக்க விட்டபோது ரெம் வழமையை விடக் கூடியது. இரண்டாவது காரணம் வாங்கிகளிலேயே இருக்கிறது. நாள் முழுக்க “குறை” என்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால், கலம் தன் சி.பி.1 வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். 2012 இல் வெளிவந்த ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வு, தினமும் புகைப்பவர்களின் மூளைப் புறணியில் இந்த வாங்கிகள் குறைந்திருப்பதைக் காட்டியது. விட்டு ஏறத்தாழ நாலு கிழமையில் அவை திரும்பி வந்திருந்தன. இடைப்பட்ட அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த ரி.எச்.சி. நின்றுவிட்டது, மூளையின் சொந்தப் பொருளுக்கு ஒட்டுவதற்குப் போதிய வாங்கி இல்லை. குறைக்கச் சொல்லி யார் போனாலும் கேட்க ஆளில்லை. இரவு முழுக்கப் பெருஞ்சத்தம்.

மூன்றாவதொன்றும் உண்டு. விட்டவரின் நித்திரை அடிக்கடி முறியும். ரெம்மின் நடுவில் முறிந்தால் அந்தக் கனவு அப்படியே கையில் இருக்கும். கனவு கூடுகிறது, நினைவில் நிற்பதும் கூடுகிறது. “முந்திக் கனவே வாறேல்லை” என்பவருக்கு இரண்டும் சேர்ந்து வந்தால் பயப்படாமல் என்ன செய்வார்?

எங்கள் பக்கத்தில் இன்னொரு விசயம். கஞ்சாவைத் தனியே புகைப்பவர்கள் குறைவு. சிகரெட் தூளோடு கலந்து சுற்றுவார்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் நிக்கொட்டினை விட்ட விளைவும் சேரும். அதுவும் நித்திரையைக் குழப்பி, கனவைக் கூட்டுகிற சரக்குத்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ரி.எச்.சி. கொழுப்பில் கரைவது, உடம்பிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். அதனால் விட்ட அன்றே பெரிதாக ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, வியர்வை, நித்திரையின்மை தொடங்கும். முதற் கிழமையில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவை இரண்டு மூன்று கிழமையில் தணியும். கனவு மட்டும் சிலருக்கு ஒரு மாதத்தையும் தாண்டி இழுபடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் கஞ்சா விடுகை நிலையைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது, நித்திரைக் குழப்பத்தையும் கெட்ட கனவுகளையும் அறிகுறியாகவே எழுதிவிட்டது.

இப்போது நூலைப் பற்றி. நூல் கட்டினால் மூன்று கிழமையில் கனவு குறையும் என்று பார்வை பார்ப்பவர் சொன்னால், அவர் சொன்னது நடக்கும். கட்டாவிட்டாலும் நடக்கும்! கழிப்புக் கழிக்கிறவர்களின் பெயர் கெடாமல் நிலைப்பது இப்படித் தானாக மாறுகிற வருத்தங்களால்தான். “பேய் அமத்திப்போட்டுது” என்று சொல்கிறோமே, அதுவும் ரெம்மின் வேலை. கை கால் அசையாத நிலை விடுபடுவதற்கு முன் ஆள் விழித்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடம்பு எழும்பாது, கனவின் உருவம் அறைக்குள்ளேயே நிற்கும். அம்மா கட்டிய நூல் கையில் கிடந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் “உனக்குச் செய்வினை” என்று ஏற்கெனவே பதறிப்போயிருப்பவரிடம் சொல்வது கொடுமை. பயத்தில் நித்திரை இன்னும் முறியும், கனவு இன்னும் நிற்கும். “இதுக்கு அடிச்சுப்போட்டுப் படுக்கிறது மேல்” என்று அவர் திரும்பிப் போனால் யாரைக் குற்றம் சொல்வது? கஞ்சாவை விட்டவர்கள் மறுபடி தொடங்குவதற்கு நித்திரையின்மை ஒரு முக்கிய காரணம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

ஆய்வுகள் என்றதும் ஒரு புலம்பல். அமெரிக்காவில் 1968 இலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஆய்வுக்கான கஞ்சாவைச் சட்டப்படி மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் தோட்டத்தில் மட்டும்தான் பெற முடிந்தது. உலகத்துக்கே ஆய்வு செய்து தருகிற நாட்டில் இந்த நிலை. தெருவில் விற்கிற சரக்கு ஒன்று, ஆய்வில் புகைத்தது இன்னொன்று. எங்கள் நாட்டிலோ கடலில் பிடிப்பதற்குப் பணம் இருக்கிறது. ரோந்துப் படகுகளின் எரிபொருள் செலவில் ஒரு சிறு துண்டைக் கொடுத்தால், விடுகிறவர்களின் நித்திரையைப் பதிந்து பார்த்து, எந்தக் கிழமையில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களை வைத்தே சொல்லலாம். கைதடியில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. இரண்டு பகுதியும் ஒரு மேசையில் இருந்து பார்க்கக்கூடிய விசயம் இது என்பது என் அபிப்பிராயம்.

தம்பிக்குச் செய்யக்கூடியது அதிகமில்லை. எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள், பின்னேரத் தேத்தண்ணியையும் கோப்பியையும் குறையுங்கள். கஞ்சாவுக்குப் பதிலாகக் கள்ளையோ சாராயத்தையோ குடித்துவிட்டுப் படுக்க விடாதீர்கள். மதுவும் இரவின் முற்பாதியில் ரெம்மை அமுக்கும், பிற்பாதியில் அதே இரவிலேயே திருப்பிக் கொடுக்கும். பகலில், விழித்திருக்கும்போதே, யாரோ கதைப்பது கேட்கிறது, எல்லோரும் தன்னைக் கண்காணிக்கிறார்கள், சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் அது கனவுப் பிரச்சினை இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்தக் கட்டுரை போதாது. போர்க் காலத்தில் கண்டதை இரவில் காணாமலிருப்பதற்காகவே கஞ்சாவைத் தொட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய அனுபவம் பொய்யில்லை. ரி.எச்.சி. போல வேலை செய்கிற நபிலோன் என்ற மருந்தை 2015 இல் பத்துக் கனேடிய இராணுவத்தினருக்குக் கொடுத்துப் பார்த்தபோது பயங்கரக் கனவுகள் குறைந்தன. ஆனால் விட்டதும் வருவது வெறும் ரெம் பொங்கல் மட்டுமில்லை, பழைய கனவும் அதனோடு சேர்ந்து வரும், நாலு கிழமையில் போகவும் போகாது. இதற்கு மருந்தில்லாத ஒரு வழி உண்டு. திரும்பத் திரும்ப வருகிற கனவைப் பகலில், வெளிச்சத்தில், ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு அதன் முடிவை விரும்பியபடி மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்குள்ளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001 இல் வெளியான ஆய்வில் கெட்ட கனவுகள் குறைந்தன, நித்திரையும் தேறியது. தனியே செய்வதை விட, பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து தொடங்கி வைப்பது நல்லது. முதலில் எடுக்க வேண்டியதும் ஆகப் பயங்கரமான கனவையல்ல, தாங்கக்கூடிய ஒரு சின்னக் கனவை.