மழையில் நடங்க, ரம் மட்டும் வேண்டாம்

தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வால்பாறைப் பக்கம் மழையில் நடப்பதற்கென்றே வருகிறார்கள். தாராளமாக வரட்டும், அந்தச் சாரலுக்காகத்தான் நானும் இங்கேயே இருக்கிறேன். ஆனால் இந்த வாரமும் ஒரு பையனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். தொப்பலாக நனைந்த ஜீன்ஸ். சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் வரவில்லை, பேச்சு குழறியது. "சூடேறட்டும்னு கொஞ்சம் ரம் குடுத்தோம் டாக்டர்" என்றார்கள் நண்பர்கள்.

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ரம் குடித்தால் சூடாகத் தோன்றுவது தோலுக்கு மட்டும்தான். தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளுறுப்புகளுக்கு வேண்டிய சூடு வெளியே வந்து காற்றோடு போய்விடும். பிராந்தியும் அப்படித்தான், 'ஒரே ஒரு பெக்'கும் அப்படித்தான். நனைந்த துணியோடு இருப்பவனுக்கு நடுக்கம் தானாக நின்றால் தேறிவிட்டான் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம்.

"பனியே இல்லையே டாக்டர்?" பனி எதற்கு? மழையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால் 10, 15 டிகிரியே போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலே ஆபத்து. வீட்டிலிருக்கும் பழைய பாதரச தெர்மாமீட்டரில் அதற்குக் கீழே கோடே கிடையாது, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

நனையாமல் நடக்கலாம் என்ற ஆசையை முதலில் விடுங்கள். ரெயின்கோட்டுக்குள் வியர்வையே நனைத்துவிடும். நனைந்தாலும் குளிராமல் இருந்தால் மழை சுகம்தான். ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், சீக்கிரம் காயும் பாலியஸ்டர் போதும். ஒரு செட் உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி எடுத்துப்போங்கள். திரும்பி வந்து போட்டுக்கொள்ளத்தான், வழியில் போட்டுப் பாழாக்க இல்லை. நடுவில் எவனாவது நடுங்கித் தடுமாறினால் மட்டும் அங்கேயே அதை மாற்றிவிடுங்கள். பையில் கடலைமிட்டாய், பிளாஸ்கில் சர்க்கரை போட்ட டீ.

அட்டைக்கு இவ்வளவு அலறல் வேண்டாம். தீக்குச்சியால் சுடாதீர்கள், நகத்தால் நெம்பினால் விழுந்துவிடும். அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, கொஞ்ச நேரம் கசியும், அவ்வளவுதான். அதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள்.

ஓடைத் தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் அக்கரைக்குப் போகாதீர்கள். மேலே எங்கோ கொட்டுகிறது. அப்புறம், கையெடுத்துக் கேட்கிறேன், வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் இறங்காதீர்கள். மூடுபனியில் யானை பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.